முனைவர் டைட்டஸ் ஆய்ந்த மீன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் குழம்பில் ஒரு செதில் கிடந்தது. சின்னச் செதில்தான். முனைவர் டைட்டஸ் அதை இரண்டு விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பெருமூச்சு விட்டார்.

“கவனம் வேணும் அமலா, கவனம்.”

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அமலராணி இந்த வசனத்தைக் கேட்காத மீன் கிடையாது. வஞ்சிரத்துக்கும் கேட்டிருக்கிறாள், செதிலே இல்லாத கெளுத்திக்கும் கேட்டிருக்கிறாள். ரசத்தை ஊற்றினாள்.

டைட்டஸுக்கு அன்று செதிலைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. காரைக்காலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறார். அங்கே பிஎச்டி செய்கிற பிள்ளைகள் தங்கள் ஆராய்ச்சியை ஊர் ஜனங்களுக்குப் புரியும்படி சொல்லப் பழக்குவதற்கு ஒரு திட்டம் உண்டு. அதற்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர். போன வருஷம் கருக்களாச்சேரியில் மீன் விற்கும் பெண்களுக்கு ஒரு கூட்டம் போட்டார். நாற்பது நிமிஷத்தில் பந்தலே காலி. கடைசிவரை இருந்தது செல்லம்மா ஒருத்திதான். அவளும் கேட்பதற்காக இருக்கவில்லை. அவளுடைய மீன் கூடையின் மேல் டைட்டஸ் உட்கார்ந்திருந்தார்.

இந்தச் சனிக்கிழமை மறுபடியும் அதே கருக்களாச்சேரி. இந்தத் தடவையும் ஜனம் எழுந்து போனால் பதவி தாவரவியல் வைத்தியலிங்கத்துக்குப் போய்விடும் என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். அந்த வைத்தியலிங்கமோ இப்போதே புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி.

“அமலா, நீ ஒரு ஒதவி செய்யணும். சனிக்கிழமை பேசப்போற பிஎச்டி பிள்ளை தாமரைச்செல்வி நாளையிலேருந்து சாயங்காலம் நம்ம வீட்டுக்கு வந்து பேசிப் பழகும். நீ ஒக்காந்து கேக்கணும். ஒனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்.”

“ஏன், நான் அவ்ளோ மக்கா?”

“சேச்சே! பாமர மக்களோட பிரதிநிதி.”

இந்தப் பாமரப் பிரதிநிதி மின்கட்டண அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். சண்டை போட வருகிற நூறு பேருக்கு, பில் ஏன் ஏறியது என்று தினமும் புரியவைத்துச் சிரித்த முகத்தோடு அனுப்புகிறவள். டைட்டஸ் ஒரு தடவை அந்த வரிசையில் நின்று பார்த்திருந்தால் கதையே வேறு.

மறுநாள் தாமரைச்செல்வி வந்தாள். நெடுங்காட்டுப் பெண். கெட்டிக்காரி, ஆனால் வாயைத் திறந்தால் ஆய்வேடுதான் வரும். “வெப்பநிலை சார்ந்த நுண்ணுயிர்ப் பெருக்கமும் கடல்மீன் தசைச்சிதைவும்” என்று தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே மூச்சு வாங்கியது.

“என்னம்மா செய்யிறே அதுல?” என்றாள் அமலராணி.

“மீன் ஆய்வு, அக்கா.”

“மீன் ஆயிறதா? அதைத்தானம்மா நானும் இருவத்திரண்டு வருஷமா செய்யிறேன். எனக்கு ஒருத்தரும் டாக்டர் பட்டம் குடுக்கலியே!”

“அது ஆயிறது, இது ஆய்வு!” என்று டைட்டஸ் குறுக்கே விழுந்தார். “அது அருவாமனையில, இது ஆய்வகத்துல. மீன் செத்ததும் செவுள்லயும் கொடல்லயும் உள்ள கிருமி பெருகும். செவுளையும் கொடலையும் சீக்கிரமா எடுத்துட்டு ஐஸ்ல வச்சா மீன் தாங்கும். புரிஞ்சுதா?”

அமலராணி கொஞ்சம் யோசித்தாள். “புரியலீங்களே.”

டைட்டஸுக்கு உள்ளூரச் சந்தோஷம். இதற்கென்றே அவர் பழமொழி மாதிரி ஒரு விதி வைத்திருந்தார். ஆராய்ச்சி மாணவர்களுக்கு வகுப்பு வகுப்பாகச் சொல்லி, சுவரிலும் எழுதி ஒட்டியிருந்தார். அதையே தாமரைச்செல்வி பக்கம் திரும்பி விரலை ஆட்டிச் சொன்னார்.

“வாயால சொல்லிப் புரியலன்னா கையால செஞ்சு காட்டு!”

“அப்ப செஞ்சு காட்டுங்க” என்றாள் அமலராணி. “கொல்லையில சட்டியில சங்கரா கெடக்கு.”

வாத்தியார் சொன்ன விதியை வாத்தியாரே மீறலாமா? டைட்டஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அருவாமனை முன்னால் உட்கார்ந்தார். ஐம்பது வயதுவரை மீனைத் தட்டில் மட்டுமே சந்தித்தவர். முதல் சங்கரா கையிலிருந்து வழுக்கித் துளசிச்செடியில் போய் விழுந்தது. இரண்டாவது மீனின் முள் கட்டைவிரலில் ஏறியது. அரை மணி நேரத்தில் ஒரு மீன் செவுள் இல்லாமல் வெளியே வந்தது.

“இப்பப் புரிஞ்சுதா?”

“ஒரு மீனை வச்சு எப்படிங்க முடிவுக்கு வர்றது? நாலஞ்சு பாத்தாத்தானே?”

“பாத்தியா தாமரை! இதுதாம்மா அறிவியல் மனப்பான்மை!” டைட்டஸுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மிச்ச சங்கராவையும் ஆய்ந்தார்.

செவ்வாய்க்கிழமை அமலராணிக்கு ஒரு நியாயமான சந்தேகம் வந்தது. பெரிய மீனுக்குச் சரி, சின்ன மீனுக்கும் இது பொருந்துமா? ஒரு கிலோ மத்தி காத்திருந்தது. புதன்கிழமை, ஆய்ந்த பிறகு சட்டியை எப்படிக் கழுவினால் கிருமி போகும் என்று கேட்டாள். அவர் நான்கு சட்டியைத் தேய்த்துக் காட்டினார். வியாழக்கிழமை நெத்திலி. தலை தலையாகக் கிள்ளியதில் பொழுதே போய்விட்டது.

“அமலா, இப்பவாவது?”

“ம்ஹூம். புரியலீங்க.”

“என்ன ஜென்மமோ!” என்று முணுமுணுத்தபடி அவர் மறுபடியும் கொல்லைக்குப் போவார். உள்ளே தாமரைச்செல்வியும் அமலராணியும் காப்பியும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். அவ்வப்போது சிரிப்புச் சத்தம் கேட்கும். பெண்டுகள் ஏதோ ஊர்க்கதை பேசுகிறார்கள் என்று டைட்டஸ் நினைத்துக்கொள்வார்.

சனிக்கிழமை வந்தது. கருக்களாச்சேரிப் பந்தலில் அறுபது பெண்கள். முன்வரிசையில் செல்லம்மா, இந்தத் தடவை கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். முதல்வர் ஒரு பக்கம், புதுச்சட்டை வைத்தியலிங்கம் ஒரு பக்கம். அமலராணி கடைசி நாற்காலியில். டைட்டஸ் இருபது நாள் உட்கார்ந்து தயாரித்த படங்களைத் திரையில் போட்டார். தாமரைச்செல்வி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“மீன் ஏன் நாறுது?” என்றாள்.

டைட்டஸுக்குப் பகீரென்றது. தசைச்சிதைவு எங்கே? நுண்ணுயிர் எங்கே?

செல்லம்மா கூடையோடு எழுந்தாள். “எவ மீனுடி நாறுது? எங்க மீனு நாறாது!”

“சரிங்க ஆத்தா. நாறாம எவ்ளோ நேரம் வச்சிருப்பீங்க?”

“வெயிலுக்கு முன்ன வித்துருவேன்.”

“விக்கலன்னா?”

அவ்வளவுதான், பந்தல் பிடித்துக்கொண்டது. ஐஸை மேலே போடுவதா கீழே போடுவதா, செவுளைக் கரையிலேயே எடுப்பதா என்று அறுபது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தாமரைச்செல்வி செல்லம்மாவின் கூடையிலிருந்து இரண்டு மீனை எடுத்தாள். செவுளை விரித்துக் காட்டினாள். முகரச் சொன்னாள். கிருமிக் கணக்கை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தாள். ஒன்றரை மணி நேரம் ஒருத்தி எழுந்திருக்கவில்லை. வைத்தியலிங்கம் தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

கடைசியில் தாமரைச்செல்வி நன்றி சொன்னாள். “எனக்குப் பேசக் கத்துக்குடுத்தவங்க இங்கதான் இருக்காங்க.” டைட்டஸ் முடியைக் கோதிவிட்டுப் பாதி எழுந்தார். “அமலராணி அக்கா!” கைதட்டல் ஓய்கிறவரை அவர் பாதி எழுந்தபடியே நின்றார்.

முதல்வர் கையைக் குலுக்கினார். “பதவி ஒங்களுக்குத்தான் டைட்டஸ். அடுத்த வாரம் நெடுங்காட்டு விவசாயிங்க கூட்டம். அதுக்கும் பிள்ளைங்களை ஒங்க மேடத்தையே பழக்கச் சொல்லுங்க.”

ஸ்கூட்டரில் திரும்பும்போது டைட்டஸ் மெல்ல ஆரம்பித்தார்.

“அமலா, ஒனக்கு எப்பதான் புரிஞ்சுது?”

“மொத நாளே.”

“அப்ப நாலு நாளா புரியல புரியலன்னு சொன்னது?”

“புரியலன்னுதாங்க சொன்னேன். யாருக்குன்னு நீங்க கேக்கவே இல்லியே. மீன் ஆயிறது என்ன பாடுன்னு நானும் இருவத்திரண்டு வருஷமா ஒங்களுக்கு வாயால சொல்லிப் பாத்தாச்சு. அப்புறந்தான் ஒங்க விதி கெடைச்சுது.”

டைட்டஸுக்கு மனசுக்குள் வெட்கமாகத்தான் இருந்தது. கட்டைவிரல் வேறு வலித்தது.

மறுநாள் ஞாயிறு. செல்லம்மா அன்பாகக் கொடுத்தனுப்பிய கொடுவா சட்டியில் கிடந்தது. கூடத்தில் தாமரைச்செல்வியும் அமலராணியும் நெடுங்காட்டுக் கூட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லவில்லை, கேட்கவில்லை. டைட்டஸ் தானே கொல்லைக்குப் போனார். ஒரு மணி நேரம் பார்த்துப் பார்த்து ஆய்ந்தார். ஆறு தடவை தண்ணீர் மாற்றி அலசினார். ஆய்வேடு சமர்ப்பித்த நாளில்கூட அவருக்கு இவ்வளவு பெருமை இருந்ததில்லை.

மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அமலராணி முதல் கவளத்தை வாயில் வைத்தாள். மென்றாள். நிறுத்தினாள். இரண்டு விரலால் எதையோ எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். பெருமூச்சு விட்டாள்.

“கவனம் வேணுங்க, கவனம்.”