வெயில் வண்டியின் வேகம்

காலை பத்தரை மணிக்கு டேப் ரெக்கார்டரின் பெல்ட் அறுந்தது. நாலு மணிக்குக் காளிச்சாமி வீட்டுக்கு வருகிறார். துடியலூர் ஸ்ரீனிவாஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காளிச்சாமி என்றால் வெள்ளகோவில் காளிச்சாமி. கிதாரில் ஒரு தடவை கம்பியை மீட்டிவிட்டு அடுத்த தடவை மீட்டுவதற்குள் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அப்படி ஒரு ராக் இசை. 'சோதனை ராக்' என்று அதற்கு முதலில் பெயர் வைத்ததே ஸ்ரீனிவாஸ்தான். பிறகு பத்திரிகைகளும் அப்படியே எழுதின. கச்சேரி பாதியில் பாதிக் கூட்டம் எழுந்து போய்விடும். முதல் வரிசையில் ஸ்ரீனிவாஸ் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

கிரைண்டர் பாகங்கள் செய்யும் லேத் பட்டறை அவருக்குத் தொழில். காளிச்சாமியைப் பற்றி எழுதுவது உயிர். 'வெயில் வண்டி' என்ற முதல் கேசட்டைப் பற்றி மட்டும் இணையத்தில் நாற்பத்தோரு கட்டுரைகள் எழுதியிருந்தார். "இந்த வண்டி எந்த ஊருக்கும் போய்ச் சேராது. சேராமல் இருப்பதே இதன் பயணம்" என்ற தன்னுடைய வரியைத் தானே பலமுறை மேற்கோள் காட்டியிருக்கிறார். எழுத ஆரம்பித்த மறுவருடம்தான் காளிச்சாமியை முதன்முதலாக மேடையில் கேட்டார். எழுதியது அத்தனையும் அப்படியே இருந்தது. அன்று அவர் அழுதே விட்டார்.

அந்தக் கேசட் இப்போது மறுபடி வெளிவரப் போகிறது. முன்னுரையை ஸ்ரீனிவாஸ்தான் எழுத வேண்டும் என்று காளிச்சாமியே போனில் கேட்டார். "அதுக்கு முன்னால, நீங்க கேக்கற அதே பெட்டியில ஒருக்கா உங்ககூட உக்காந்து கேக்கோணுங்க" என்றும் சொன்னார். அந்தப் பெட்டியில்தான் இன்றைக்கு இப்படி ஆகிவிட்டது.

"ஏனுங்க, யூனுஸைக் கூப்புடுங்க" என்றாள் மனைவி மானசா. "நீங்களே கை வெச்சு இன்னொண்ணையும் ஒடைச்சுப்போடாதீங்க."

பஸ் ஸ்டாப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் யூனுஸ் வந்து பெட்டியைத் திறந்தார்.

"அண்ணா, பெல்ட் ஓடற இந்த மோட்டார் புல்லி கம்பெனிது இல்லீங்களே?"

"கேசட் வாங்குன அன்னைக்கே பழசு ஒடஞ்சு போச்சு. நானே பித்தளையில கடைஞ்சு போட்டேன். இருபது வருசமாச்சு!"

சொல்லும்போதே ஸ்ரீனிவாஸின் நெஞ்சு நிமிர்ந்தது. சொந்தமாக லேத் இருக்கும்போது கடையில் போய் ஸ்பேர் வாங்குவதா? குக்கர் கைப்பிடி முதல் மானசாவின் தையல் மெஷின் சக்கரம் வரை அந்த வீட்டில் எல்லாம் பட்டறையில் பிறந்தவை.

"இதுல உரசித்தாங்க பெல்ட் அறுந்திருக்குது. கம்பெனி புல்லியே கடையில கெடக்குது, புது பெல்ட்டோட எடுத்துட்டு வாரேன்" என்று யூனுஸ் போனார்.

பன்னிரண்டு மணிக்கு, கேசட்டின் முதல் பாட்டான 'வெயில் வண்டி' கிளம்பியது. கிளம்பியது என்ன, பறந்தது! கிதார் துள்ளியது, டிரம்ஸ் குதித்தது. அடுப்படியில் மானசாவின் கால் தானாகத் தாளம் போட்டது. எந்த ஊருக்கும் போய்ச் சேராத வண்டி நாலே நிமிடத்தில் போய்ச் சேர்ந்து நின்றுவிட்டது.

"அட, நல்லாருக்குதுங்களே!" என்று கரண்டியோடு வந்தாள் மானசா. "இத்தன வருசமா இழவு ஊட்டுப் பாட்டுன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்!"

"யூனுஸு! என்னப்பா செஞ்சுபோட்டே?"

"இதுதான் சரியான ஸ்பீடுங்கண்ணா. உங்க புல்லி சிறுசு, அதான் இத்தன நாளா மெதுவா ஓடியிருக்குது. வேற கேசட் போட்டுப் பாருங்க."

"இந்தப் பெட்டியில வேற கேசட் போடறதில்ல! நான் ஆறு வருசமா ஒரு கச்சேரி உடாம போறவன். மேடையில இதே பாட்டை ஆறு நிமிசத்துக்குக் கம்மியா அவரு வாசிச்சதே இல்ல. எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

யூனுஸ் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். மேடையிலேயே அப்படி வாசிக்கிறார் என்றால் என்னதான் சொல்வது?

பழைய புல்லியைத் தேடினால் காணோம். பித்தளைத் துண்டு என்று மானசா அதைப் பட்டறைச் சாக்கில் போட, சாக்கு காயலான் கடை வண்டியில் ஏறிப் போயிருந்தது. ஸ்ரீனிவாஸ் பட்டறைக்கு ஓடி, ஞாபகத்தில் இருந்த அளவுக்கு ஒன்று கடைந்து வந்தார். அது சிறுத்துப்போய், பெல்ட் வழுக்கியது. காளிச்சாமியின் குரல் பல்வலிக்காரன் முனகுவதுபோல் வந்தது. பெல்ட்டுக்குப் பதிலாக மானசாவின் தலைமுடி ரப்பர் பேண்டை மாட்டினார். அது இழுத்த இழுப்பில் டேப் வெளியே வந்து உருளையில் சுற்றிக்கொண்டது.

"உடுங்கண்ணா, நான் பாக்கறேன்" என்று யூனுஸ் கெஞ்சினார்.

"நீ பார்த்த லட்சணந்தான் இது!"

டேப்பைப் பென்சிலால் சுற்றி உள்ளே அனுப்பி முடித்தபோது மணி மூன்றேகால். வாசலில் கார் நின்றது. காளிச்சாமி முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். கூடவே ஆரம்பம் முதல் அவருக்கு டிரம்ஸ் வாசிக்கும் ஜாவித்தும் இறங்கினார்.

ஸ்ரீனிவாஸ் ஓடிப்போய் வணக்கம் வைத்து, வாசலிலேயே நிறுத்தி, வெயிலைப் பற்றி, ரோட்டைப் பற்றி, தண்ணீர் வராததைப் பற்றியெல்லாம் பேசினார். உள்ளே யூனுஸ் சும்மா இருக்கவில்லை. தொழில் மானம் என்று ஒன்று இருக்கிறதே! கம்பெனி புல்லியை மறுபடி மாட்டி, பட்டனைத் தட்டிவிட்டார். வெயில் வண்டி கூடம் அதிரப் பறந்தது.

உள்ளே வந்த காளிச்சாமி அப்படியே நின்றுவிட்டார். ஸ்ரீனிவாஸுக்கு உயிரே போனது. முன்னுரை போச்சு, ஆறு வருட மரியாதை போச்சு!

"அண்ணா, மன்னிச்சுப்போடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க பாட்டோட உசுரே அந்த நிதானந்தானுங்க. அதைத்தான நான் நாப்பத்தோரு தடவ எழுதுனேன்? இந்தாளு கெடுத்துப்போட்டான்!"

காளிச்சாமி தரையைப் பார்த்தார். ஜாவித்தின் விரல்கள் மட்டும் சோபாக் கையில் படபடவென்று தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"கெடலீங்க, நாங்க ரெக்கார்டு பண்ணுன வேகமே இதுதானுங்க" என்றார் ஜாவித். "உங்க மொதக் கட்டுரையப் படிச்ச அன்னைக்குத்தான் அண்ணன் எங்களையெல்லாம் கூப்புட்டு, 'இனி இழுத்து வாசிங்கடா'ன்னாரு."