பார்த்தால் மட்டும் போதும்

"ப்பா, ஸ்பேனரைக் கீழ வை. நாம வீடு பாக்க வந்திருக்கோம்."

"பாத்துட்டுத்தானே இருக்கேன்" என்றார் அப்பா. அவர் உடம்பில் பாதி, சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருந்தது.

மகள் பல்லைக் கடித்தாள். பஸ்ஸிலேயே பாடம் எடுத்திருந்தாள். அப்பா குறை கண்டுபிடிக்க வேண்டும், அவள் நோட்டில் எழுதுவாள், கடைசியில் நோட்டைக் காட்டி விலையை இறக்குவாள். இறங்காவிட்டால் அவளுக்குக் கிடைக்கும் வங்கிக் கடனுக்குள் வீடு அடங்காது. முப்பது வருஷமாக ஊரார் வீட்டுக்கெல்லாம் தண்ணீர் கொண்டுவந்த மனுஷன், இன்னமும் தெருக்குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அது தீராத ஆத்திரம்.

போனில் வீட்டுக்காரம்மா எடுத்த எடுப்பிலேயே, "அப்பா என்ன வேலை பாக்கறாரு?" என்று கேட்டபோது சுருக்கென்றது.

"பிளம்பர். ஏன், பிளம்பருக்கு வீடு விக்க மாட்டீங்களோ?"

"ஐயோ, யாரும்மா சொன்னா? இந்த ஞாயித்துக்கிழமையே அவரையும் கூட்டிட்டு வா."

நறுக்கென்று கேட்டால் மரியாதை தானாக வருகிறது என்று அன்றைக்கெல்லாம் பூரித்திருந்தாள்.

இப்போது, சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று அவள் எழுதி முடிப்பதற்குள் அப்பா முறுக்கிவிட்டார். சொட்டு நின்றது. அடுத்த நிமிஷம் குளியலறையில் பழைய பைப் பீய்ச்சியடித்தது.

"பாத்தியா! அழுத்தம் அந்தப் பக்கம் திரும்பிடுச்சு." லாட்டரி விழுந்த குரல்.

"அடிக்கட்டும். நான் எழுதிக்கறேன். நீ வா."

"தண்ணி வீணாப் போகுதும்மா!"

அதையும் அடைத்தார். இத்தனை நாள் ஒழுகி ஒழுகியே நிரம்பாமல் இருந்த மாடித் தொட்டி, நிரம்பி வழிந்தது. ஏறிப்போய் வால்வை மாற்றினார். வால்வு அவருடைய பையிலிருந்து. தன் கல்யாணத்துக்கே அந்தப் பையோடு போனவர்.

வீட்டுக்காரம்மா குழாய்க்கொரு டீ கொண்டுவந்தாள். "அண்ணே, பின்பக்கமும் ஒரு எட்டு பாத்துடுங்க. வாங்கறவங்க எல்லாத்தையும் பாக்கணும் இல்லையா?"

சாயங்காலம் நோட்டில் பதினொரு குறைகள் இருந்தன. பதினொன்றும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன.

"விலையில கொஞ்சம்..." என்று இழுத்தாள் மகள்.

"எதுக்கும்மா குறைக்கணும்? எங்கயாவது ஒரு சொட்டு ஒழுகுதா?"

"ஒழுகாது. அதுக்கு நான் கேரண்டி" என்றார் அப்பா.

"எதுக்கும் எங்க வீட்டுக்காரரைக் கேட்டுட்டு போன் பண்றேன்" என்று கதவைச் சாத்தினாள் வீட்டுக்காரம்மா.

தெருவுக்கு வந்ததும் மகள் வெடித்தாள். "பாக்க மட்டும்தானே சொன்னேன் உன்னை?"

"நம்ம வீடாகப் போகுதேன்னு செஞ்சேன்" என்றார் அப்பா, ஈரச் சட்டையைப் பிழிந்தபடி.

அவள் நோட்டை மூடினாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண், அப்பாவின் பையை எட்டிப் பார்த்தாள்.

"ஓ, இந்த வாரம் வீடு வாங்க வந்தது பிளம்பரா? போன வாரம் தச்சர் வந்தாரு. அடுத்த வாரம் பெயின்டர் வர்றாராம்."