மனசுக்கு மருந்து போடப் போனவர்

உள்ளூரில் யாருக்கும் நீட்டாத கையை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய் அயல்நாட்டில் நீட்டுகிற ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெட்டி கட்டும்போதே அதற்குத் தொண்டை கம்மிவிடும். 'அந்தக் குழந்தைகளிடம் நான்தான் பாடம் கற்கப் போகிறேன்' என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும். கற்றதா? பொறுங்கள்.

நமக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருவர் இந்த இனத்தில் முதல் தரம். தன் வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்காதவர், போரில் வீட்டையும் பெற்றவர்களையும் பறிகொடுத்த பிள்ளைகளின் இல்லத்தில் தொண்டு செய்யக் கடல் தாண்டிக் கிளம்பினார். கிடார், வண்ணப் பென்சில், பலூன் எல்லாம் பெட்டியில் ஏறின. பல் பிடுங்கும் கருவிகளையும் வைக்கட்டுமா என்று கேட்டாள் மனைவி.

"பல்லு இங்கயே பார்க்கிறதுதானே? நான் மனசுக்கு மருந்து போடப் போறேம்மா."

இல்லத்துப் பிள்ளைகள் இவரைப் போல எத்தனையோ பேரைப் பார்த்துச் சலித்தவர்கள். இவர் செல்போனை உயர்த்தியதுமே உயரமானவர்கள் பின்னால் போனார்கள், குட்டையானவர்கள் முன்னால் வந்தார்கள், இருப்பதிலேயே சின்னது இவர் மடியில் ஏறித் தோளில் தலை சாய்த்துக்கொண்டது. சிரிக்கவா, சோகமாகவா என்று ஒருவன் கேட்டான். அதைத் தமிழில் மொழிபெயர்த்த காப்பாளர் அம்மா, பாதிப் பிள்ளைகளுக்குப் பல் சொத்தை, கொஞ்சம் பாருங்களேன் என்று தன் பங்குக்கும் கேட்டுவைத்தார். டாக்டர் பெரிய மனது பண்ணிப் புன்னகைத்தார். அவ்வளவுதான்.

அவர் கண் ஒரு சிறுமி மேல் விழுந்தது. பேசமாட்டாள், சாப்பிடமாட்டாள், கன்னத்தில் கையை வைத்துச் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். போர் தின்ற மௌனம் என்று முடிவுகட்டிய டாக்டர், தினமும் அவளருகே கண்ணை மூடி உட்கார்ந்து மெல்லிய சோகமாய்க் கிடார் வாசித்து, அதை வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார். ஊர் அழுதது.

ஒருநாள் வாசிப்பின் நடுவே அந்தப் பெண் எழுந்து வந்தாள். கிடாரின் கம்பிகள் மேல் கையை வைத்து நிறுத்தினாள். வாயைத் திறந்து, உள்ளே விரலைக் காட்டினாள்.

கடைவாய்ப் பல் வேர்வரை அழுகிச் சீழ் கட்டியிருந்தது. மாதக்கணக்கில் வலித்திருக்க வேண்டும். வலிக்கிறதென்று யாரிடம் சொல்லி அழுவாளோ, அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. டாக்டருக்கு முகம் சுண்டிப்போனது. கண்ணை மூடாமல் ஒரே ஒருமுறை பார்த்திருந்தால், அவருக்கு இது தெரியாதா?

உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கருவி கேட்டார், மரத்துப்போகும் ஊசி கேட்டார், கெஞ்சி வாங்கிவந்து பல்லைப் பிடுங்கினார். பிடுங்கியதும் அவள் அவர் விரலைக் கடித்துவிட்டு, வந்த நாளாய்ப் பேசாத வாயால் கடகடவென்று ஏதோ பேசினாள்.

"என்னம்மா சொல்றா?"

"அத நான் மொழிபெயர்க்க மாட்டேங்க" என்றார் காப்பாளர் அம்மா.

அன்று இரவு அவள் இரண்டு தட்டுக் கஞ்சி குடித்தாள். மிச்ச நாட்கள் முழுக்க டாக்டர் பிள்ளைகளின் சொத்தைப் பல்லோடு மல்லுக்கட்டினார். மடியில் ஏறிய வாண்டு இப்போது அவர் தலையைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஒளிந்தது. கிளம்பும்போது கட்டியணைக்க ஒருவரும் வரவில்லை. படமும் இல்லை.

ஊர் திரும்பி அவர் பேசிய கூட்டம் எதிலும் பல் பேச்சே வரவில்லை. "அந்தச் சிறுமி என் கையைப் பிடித்தபடி முதல்முறையாகப் பேசினாள்" என்று குரல் உடைய முடிப்பார், அரங்கம் மூக்கைச் சிந்தும். பொய்யில்லை. கையைப் பிடித்தாள்தான், மிச்சமிருந்த பற்களால்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் எதிர்வீட்டுக்காரர் இன்று உங்களுக்குக் கைவந்த வேலையாகப் பார்த்து ஓர் உதவி கேட்டாரே, அவரைப் 'பார்க்கலாம்' என்று அனுப்பி வைத்துவிட்டுத்தானே, நீங்கள் இங்கே உட்கார்ந்து அந்தப் பிள்ளைகளுக்காக உச்சுக்கொட்டிக்கொண்டிருக்கிறீர்கள்?