பெரட்டில் ஒலித்த மூன்றாவது படம்

“மேனேஜர்தான் கள்ளன்! பாத்தா பூனை மாதிரி இருப்பான். அந்த லோரியப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு!”

காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும் களத்தில், ஆட்கள் கூடையோடு வரிசையாக நிற்க, ஒலிபெருக்கியில் தன் குரலே முழங்குவதைக் கேட்டு ஹரிதாஸ் வாய் பிளந்து நின்றான்.

தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணியான அவனுக்குத் துப்பறியும் படம் என்றால் உயிர். பார்த்ததும் மச்சானுக்குக் குரல்பதிவில் விமர்சனம் அனுப்பிவிடுவான். முதல் படம்: “ரெண்டரை மணி நேரமும் மழை. மழை பாக்க வாசல்ல நின்னா போதாதாலா?” இரண்டாவது: “கடைசியில இரட்டைப் பிறவிங்கிறான். டிவிய ஒடச்சிருப்பேன்!” இரண்டும் மச்சானுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது மட்டும் கைதவறிப் பெரட்டு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. அந்தக் குழுவில் எது வந்தாலும் அன்றைய வேலை உத்தரவு என்று கங்காணி காளிமுத்து கைபேசியை மைக்கில் வைத்துவிடுவார். முன்கூட்டிக் கேட்டுப் பார்க்கும் வழக்கமெல்லாம் அவருக்கு இல்லை.

“வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறீங்களே, போய் நிறுத்துங்க!” என்று வரிசையிலிருந்த அவன் மனைவி உமாதேவி கத்தினாள்.

அது சினிமாதான் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. வேலை நேரத்தில் படம் பார்ப்பவனுக்கு அன்றே சீட்டுக் கிழியும் என்று மேனேஜர் நாகரத்தினம் துரை போன வாரம்தான் எச்சரித்திருந்தார். ஹரிதாஸ் மூன்று படத்தையும் பார்த்தது ஆபீஸ் கம்ப்யூட்டரில். வேலை போனால் எஸ்டேட் வீடும் போகும்.

ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினான். “நான் சொன்னது வேற மேனேஜர்!”

“எந்த மேனேஜர்ணே?” என்றார்கள் ஆட்கள்.

“அது… அவன் பெரிய மூளைக்காரன். நம்ம துரைக்கு அந்த அளவுக்கு மூளை கெடையாது!”

களமே சிரித்தது. துரையின் ஆபீஸ் ஜன்னல் பட்டென்று சாத்தப்பட்டது. ஹரிதாஸ் பதறிப்போய்ப் பதிவை அழித்தான். அதற்குள் அது ரிங்லெட் டவுன் வரை போய்விட்டதாக லோரி டிரைவர் தர்மா சந்தோஷமாகச் சொன்னான்.

பத்து மணிக்குத் துரையிடமிருந்து அழைப்பு வந்தது.

அந்தக் குளிரிலும் துரையின் நெற்றியில் வியர்வை. ‘கோபம் தலைக்கேறிவிட்டது’ என்று ஹரிதாஸ் நினைத்துக்கொண்டான்.

“எப்ப பாத்த?”

தெரிந்துபோய்விட்டது! இனி மறைத்துப் பயனில்லை. “வேலை நேரத்துலதான் துரை.”

“எவ்வளவு பாத்த?”

“ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும்.”

துரை தண்ணீர் குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது. “வேற யாருக்குத் தெரியும்?”

“மறைக்க என்ன இருக்கு துரை? ஊரே பாத்துருச்சு.”

துரை எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: “ஹரிதாஸ், நீ சொல்லு. தப்புப் பண்ணவன் இப்ப என்ன செய்யணும்?”

ஹரிதாஸின் கண் கலங்கியது. மனுஷன் மன்னிக்க வழி காட்டுகிறார்! “எல்லாத்தையும் ஒத்துக்கணும் துரை. ஒத்துக்கிட்டவனக் கொஞ்சம் பாத்து விட்டுருவாங்கன்னு நம்புறேன்.”

துரை தலையசைத்தார், கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சீட்டுக் கிழிக்கத்தான் தலைமை ஆபீஸுக்குப் போகிறார் என்று ஹரிதாஸுக்கு நிச்சயமாகிவிட்டது. மத்தியானம்வரை மேசையைக் காலி செய்தான். சாமி படம், ஸ்வெட்டர், சோற்றுப் பாத்திரம் எல்லாம் பைக்குள் போயின.

அப்போது டைப்பிஸ்ட் அம்சவல்லி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“அண்ணே! துரை நேரா போலீஸுக்குப் போயி, மூணு வருசமா நம்ம உரமூட்டைய லோரில ஏத்தி கோலா தெர்லா காய்கறித் தோட்டங்களுக்கு வித்தத ஒத்துக்கிட்டாராம். நீங்க எங்க ஒளிஞ்சிருந்து பாத்தீங்கன்னுதான் அவருக்கு இன்னும் புரியலையாம்லா!”