தொட்டிக்குள் இரண்டு கட்சி

சென்னை மாநகரத்திலேயே கிருமிகளுக்காக வக்கீல் வேலை பார்த்த ஒரே மனிதர் சக்கர நைனாதான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அடையாறில் எங்கள் அடுக்ககத்தின் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் அவர். சொந்தப் பெயரைக் கேட்டுவைக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. தொட்டிக்குள் ஆயிரக்கணக்கில் மிதக்கும் சின்ன பிளாஸ்டிக் சக்கரங்களில் ஒன்றை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். ஆள் கிடைத்தால் மூக்குக்கு நேரே நீட்டிவிடுவார்.

“இந்த வழவழப்பு பூரா உசுரு சார். இதுல ரெண்டு கட்சி கீது. ஒண்ணு தீனிக் கட்சி. சோறு, சாம்பார், எண்ணெ, எது வந்தாலும் துன்னுட்டு மளமளன்னு பெருகும். இன்னொண்ணு நிதானக் கட்சி. மூத்திர நாத்தத்த எடுக்கறது அதான். ஆனா பெருக நாளாவும். ரெண்டுக்கும் ஒரே எடம், ஒரே காத்து. தீனி ஜாஸ்தியாச்சின்னா அவனுங்க இவனுங்க மேல ஏறி ஒக்காந்துக்குவானுங்க. இவனுங்க மூச்சு முட்டிப் பூடுவானுங்க.”

இதற்காக வீடு வீடாகக் கதவைத் தட்டி, “மீந்த சாம்பார சிங்க்ல ஊத்தாதீங்கம்மா” என்று கும்பிடுவார். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள்கூட அவ்வளவு பணிவாக வந்ததில்லை.

ஒருநாள் கரண்ட் போய் நான் லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். தொண்டை கிழியக் கத்துகிறேன். மனுஷன் தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டாரை ஜெனரேட்டரில் ஓடவிட்டு, அது சீராக ஓடுகிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் என்னை விடுவித்தார்.

“லிஃப்டுல நீங்க ஒருத்தர்தான் சார். அங்க கோடிப் பேரு.”

சங்கச் செயலாளரான எனக்கு அவர்மேல் கடுப்பு ஏற ஆரம்பித்தது அன்றுதான்.

அப்புறம் கீழ் ஹாலில் என் அறுபதாம் கல்யாணம் நடந்தது. அடுத்த வாரமே தொட்டி நாற ஆரம்பித்தது. தரைத்தளத்தில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. கிடைத்தது சாக்கு என்று கூட்டம் போட்டேன்.

“யாரோ இனிப்ப அண்டாவோட கொட்டிட்டாங்க. தீனிக் கட்சி ஏறிப் படுத்துக்கிச்சி” என்றார் நைனா. “ஒரு மாசம் டைம் குடுங்க. நிதானக் கட்சி தல தூக்கிரும்.”

“கொட்டினது யாரு?”

“அத்த வுடுங்க சார்.”

“ஆளைச் சொல்ல மாட்டீர், டைம் மட்டும் வேணுமோ?” என்றேன். அவரை வேலையை விட்டு நிறுத்தச் சம்மதிக்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னேன். தூக்கினார்கள். நைனா பையிலிருந்த சக்கரத்தைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் என் மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. வற்புறுத்தியதும் வெடித்தாள்.

“நம்மாத்து ஃபங்ஷன்ல மீந்த பால் பாயசத்தைச் சமையல்காராதான் சிங்க்ல கொட்டினா. நைனா அன்னிக்கே பார்த்துட்டார். ‘சார் சந்தோஷமா இருக்காரு, சொல்லிடாதீங்கம்மா’ன்னு என்னண்ட கெஞ்சினார். நானும் வாயை மூடிண்டு இருந்துட்டேன்.”

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. மறுநாள் காலையில் சாந்தோமில் அலைந்து விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பதறி எழுந்துவிட்டார்.

“இன்னா சார், காத்து மோட்டார் நின்னு பூட்ச்சா? நிறுத்திறாதீங்க. பாவம், இப்பதான் ஒண்ணு ரெண்டா ஏறி வருதுங்க.”

நாலு பேச்சுத் திட்டுவார் என்று நினைத்துப் போனவன் நான். அந்த மனுஷன் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது. அதைச் சொல்ல வாய் வராமல், என் ஸ்கூட்டரின் பின் சீட்டைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, “ஏறிக்கோங்கோ” என்றேன்.