மாடி வீட்டுக்காரரின் மிச்சக் காற்று

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் நம் குடும்ப வழக்கம். ஆனால் நீ வக்கீல், குறுக்கு விசாரணை செய்வாய். அதனால் உள்ளதைச் சொல்கிறேன். உன் அண்ணி நலம். எனக்கு வலது காதுக்குள் கடல் இருக்கிறது. தலையைச் சாய்த்தால் கொட்டுகிறது, நிமிர்ந்தால் மறுபடி வந்துவிடுகிறது. அங்கே உன் வீட்டில் அனைவரும் சௌக்கியமாகவும், உன் கட்சிக்காரர்கள் மட்டும் ஓயாத சண்டை சச்சரவோடும் இருக்க வாழ்த்துகிறேன்.

விஷயம் இதுதான். நம் மாடியில் குடியிருக்கும் ட்ரம்பெட்காரரைக் காலி செய்யச் சொல்லி நீ உடனே ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வாடகை ஒழுங்காக வருகிறது, சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை, படியேறும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார். குற்றம் சொல்ல ஒன்றுமே கிடைக்காததுதான் என் வயிற்றெரிச்சல். ஆனால் சாயங்காலம் ஆனால் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரே ஒரு ஸ்வரத்தை இழுப்பார். பாட்டு என்றால் எப்போது முடியும் என்றாவது தெரியும். இது முடியவே முடியாது. கீழே நான் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு, இதோ நிற்கும், இதோ நிற்கும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருப்பேன். எனக்குத்தான் மூச்சு முட்டும், அவருக்கு முட்டாது. போய்க் கேட்டால், "மூச்சுப் பயிற்சி சார், பேண்டுல வாசிக்கணும்னா இது வேணும்" என்கிறார். நான் நூலகத்தில் 'சத்தம் போடாதீர்' பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து தலை நரைத்தவன். எதிர்வீட்டு நாய்கூட என்னைப் பார்த்தால் வாய்க்குள்ளேயே குரைக்கும். இவர் மட்டும் மசியவில்லை.

என் புலம்பல் தாங்காமல் உன் அண்ணி ஒருநாள், "உலகத்துல சத்தமே இல்லாத இடம் கடலுக்கு அடியிலதான் இருக்கு, நீங்க அங்கயே போங்க" என்றாள். கோபத்தில் சொல்கிறாள் என்று பார்த்தால், முக்குளிப்புப் பயிற்சியில் ஏற்கெனவே என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். படகெல்லாம் கிடையாது தம்பி, கரையிலிருந்தே நடந்து இறங்க வேண்டும். உடம்பைப் பிடிக்கும் ரப்பர் உடை, முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டி, காலில் முழ நீளத்துக்குத் துடுப்பு. அந்தத் துடுப்போடு முன்னால் நடந்தால் முகம் குப்புற விழுவோம் என்று பின்னால் நடக்கச் சொல்கிறார்கள். நீ நீதிபதிக்கு முதுகு காட்டாமல் பின்வாங்குவாயே, அப்படி நான் கரையைப் பார்த்து கும்பிடாத குறையாகப் பின்வாங்கினேன். ஓர் அலை வந்து என்னை உட்காரவைத்தது, அடுத்த அலை படுக்கவைத்தது.

இதில் ஒரு சட்டம் வேறு. கடலுக்குள் யாரும் தனியாகப் போகக்கூடாது, ஜோடியாகத்தான் போக வேண்டும், ஒருவர்மேல் ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் ஜோடியாகவே வந்திருந்தார்கள். மிச்சம் இருந்தது நானும், குனிந்து துடுப்பு மாட்டிக்கொண்டிருந்த ஓர் ஆளும். அவர் நிமிர்ந்தார். நம் மாடி வீட்டுக்காரர்!

"சார், நீங்களா?"

"நீங்க எங்கய்யா இங்க?"

"அம்மாதான் சொன்னாங்க சார். மூச்சுக்கு நல்லதாம்."

அம்மா என்று அவர் சொன்னது உன் அண்ணியைத்தான். இதற்கு அவளை என்ன செய்யலாம் என்று தனியாக எழுது.

எனக்கு வேறு ஜோடி வேண்டும் என்று பயிற்சியாளரம்மாவிடம் சொன்னேன். சின்னப் பெண், ஆனால் குரல் மட்டும் தலைமையாசிரியருடையது. "சண்டையெல்லாம் கரையிலயே விட்டுட்டு வாங்க சார். கீழ போனா உங்களுக்கு அவருதான், அவருக்கு நீங்கதான்" என்றார். மாடி வீட்டுக்காரர் என் பட்டைகளை இழுத்துச் சரிபார்த்தார். பிறகு தன் நெஞ்சில் தொங்கிய மஞ்சள் குழாயைக் காட்டி, "உங்க காத்து தீந்துபோச்சுன்னா இதுல மூச்சு விடுங்க சார்" என்றார். வீட்டுச் சொந்தக்காரன் குடியிருப்பவரிடம் போய்க் காற்று கேட்பதா? முகக் கண்ணாடிக்குள்ளிருந்தே முறைத்தேன்.

கீழே போனால் அங்கேயும் சத்தம்! கிளிமீன் என்று பச்சையும் நீலமுமாக ஒரு மீன், பவளப்பாறையைக் கொறுக் கொறுக்கென்று கடித்துத் தின்கிறது. பக்கத்து வீட்டில் தரையைப் பெயர்ப்பது போல் இருந்தது. யாரிடம் புகார் செய்வது? சரி, கொஞ்சம் ஓய்வெடுக்கலாம் என்று ஒரு பாறை ஓரமாகப் போய் நின்றேன். உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு கறுப்பு மீன் விருட்டென்று வந்து என் முகக் கண்ணாடியில் முட்டியது. அந்தப் பாறைமேல் கொஞ்சம் பாசி வளர்த்து வைத்திருக்கிறதாம், அது அதனுடைய இடமாம். நான் நகர்ந்தேன், தொடர்ந்து வந்தது. காதில் கொத்தியது, கைவிரல் முடியைப் பிடித்து இழுத்தது. தம்பி, நான் ஒரு வீட்டு ஓனர். என்னைப் போய் ஒரு மீன் காலி செய்யச் சொல்கிறது!

திரும்பிப் பார்த்தால் நம் ஆள் அசையாமல் மிதந்துகொண்டிருக்கிறார். கடல் சாமந்திக்குள் குடியிருக்கும் கோமாளி மீன்கள் குடும்பத்தோடு வாசலுக்கு வந்து அவரை எட்டிப் பார்க்கின்றன. பாறை இடுக்கிலிருந்து ஓர் ஆக்டோபஸ் அவர் கையை மெதுவாகத் தொட்டுப் பார்க்கிறது. நான் பக்கத்தில் போனதும் அது நிறம் மாறி உள்ளே போய்விட்டது. எனக்கு வந்ததே கோபம். வாயில் குழாய் இருக்கிறது என்பதையும் மறந்து அவரைத் திட்ட ஆரம்பித்தேன். மாடிப்படியில் நின்று சொல்ல நினைத்து விழுங்கியதையெல்லாம் சொன்னேன், ஜன்னல், ஸ்வரம், என் பேப்பர், என் தூக்கம், எல்லாம் குமிழி குமிழியாக மேலே போனது. அவர் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். மூச்சு ஏனோ கனமாக இருக்கிறதே என்று காற்றின் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தால், அது சிவப்பில் படுத்திருக்கிறது. திட்டினால் காற்று செலவாகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பயிற்சியாளரம்மா தூரத்தில் வேறொரு ஜோடியோடு இருந்தார். காற்று இல்லை என்பதற்குக் கையால் கழுத்தை அறுப்பது போல் காட்ட வேண்டும். காட்டினேன். இதே சைகையைத்தான் நான் தினமும் சாயங்காலம் அவருக்கு முற்றத்திலிருந்து காட்டுவது வழக்கம், அதனால் மனுஷன் ஒரு கணம் குழம்பிப்போய் வணக்கம் வைத்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். மஞ்சள் குழாயை எடுத்து என் வாயில் வைத்து, முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். முதல் மூச்சு உள்ளே வந்தபோது நான் அழுதுவிட்டேன். அவ்வளவு பயந்திருந்தேன். கண்ணாடிக்குள் அழுதால் துடைக்கவும் முடியாது. அப்படியே என்னை மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்து சேர்த்தார்.

கரையில் பயிற்சியாளரம்மா அவருடைய சிலிண்டரைப் பார்த்து அசந்துபோனார். "ரெண்டு பேரு மூச்சு விட்டும் இவ்வளவு மிச்சமா? வீட்டுல ஏதாவது பயிற்சி பண்றீங்களா?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். "இல்ல மேடம், சும்மா" என்றார். நான் என் துடுப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

இப்போது உன் மூளைக்கு வேலை. என் உயிரைக் காப்பாற்றி, அந்த நன்றியைக் காட்டி மாடியில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடலாம் என்பது அவருடைய திட்டம். சட்டப்படி இது மிரட்டலில் சேருமா? நோட்டீசைக் கடுமையாக எழுது. மீன் விஷயம் மட்டும் அதில் வேண்டாம்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். வழக்குகள் பெருகட்டும், தலைவலி குறையட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. மாடியிலிருந்து பெட்டி, படுக்கை எல்லாம் இறங்குகிறது. "உங்களுக்கு இனிமே தொந்தரவு வேணாம் சார், வேற வீடு பாத்துட்டேன்" என்கிறார். உன் அண்ணி ஜன்னல் வழியாக, "இப்ப நிம்மதிதானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கடலில் இறங்க வேண்டும், என்னோடு ஜோடி சேர வேறு யாரும் தயாராக இல்லை என்று பயிற்சியாளரம்மா சொல்லிவிட்டார். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. வீட்டைக் காலி செய்யக்கூடாது என்று அவருக்கு உடனே ஒரு நோட்டீஸ் அனுப்பு. அப்படியொரு நோட்டீசே கிடையாது என்று ஆரம்பிக்காதே, படித்தவன் நீ, ஏதாவது கண்டுபிடி. அது வரும்வரை நான் வண்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், இந்த வரிகளை அங்கிருந்துதான் எழுதுகிறேன். டிரைவர் ஹாரன் அடிக்கிறான், அடிக்கட்டும். ட்ரம்பெட் பெட்டி என் மடியில் இருக்கிறது. வந்து கேட்டார். வாசிப்பதாக இருந்தால் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.