அம்மா பொறுப்பேற்ற சர்வர்

அலாரம் அடிக்கும்போது வருகிற பயத்தைவிட, அது தானாக நின்றுபோகும்போது வருகிற நிம்மதிதான் ஆபத்தானது. இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் மும்பையில் இல்லை.

அப்போது வேலையில் சேர்ந்த புதிது. என்னை இன்னும் நிரந்தரமாக்கியிருக்கவில்லை. ஆஸ்பத்திரிகளின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை டாக்டர்களுக்கு அனுப்பும் சர்வர்களைக் கண்காணிப்பது எங்கள் வேலை. சர்வர் படுத்துவிட்டால் கம்ப்யூட்டரே எனக்குப் போன் போடும். நான் எடுக்காவிட்டால் இரண்டாவது எண்ணுக்கு, அங்கேயும் எடுக்காவிட்டால் மேனேஜருக்கு. எடுத்தவர் போனில் ஒன்றாம் எண்ணை அமுக்கினால் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அர்த்தம். அதன்பின் யாருக்கும் போன் போகாது. இந்த ஏற்பாட்டைச் செய்த மேதை நான்தான். சோதித்துப் பார்க்க இரண்டாவது இடத்தில் அம்மாவின் எண்ணைப் போட்டிருந்தேன். (பிறகு அதை நீக்க மறந்துவிட்டேன். மேதைகளுக்கு இதெல்லாம் சகஜம்.)

அன்று காலை செம்பூரில் ரயில் ஏறினேன். ஏறினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பின்னால் நின்றவர்கள் ஏற்றிவிட்டார்கள். குர்லா தாண்டியதும் நெஞ்சோடு அணைத்திருந்த பையிலிருந்து சைரன்! (கவனம் சிதறக் கூடாதென்று நானே வைத்த ரிங்டோன்.) இரண்டு கைகளும் யார் யாருடைய முதுகுகளுக்கோ நடுவில் மாட்டியிருந்தன.

“அரே பாய், பந்த் கர்!” என்று, அதை நிறுத்தச் சொல்லி ஒருவர் என் காதருகில் கத்தினார்.

எந்த ஆஸ்பத்திரியோ, எந்த நோயாளியோ! திடீரென்று சைரன் நின்றது. மறுபடி அடிக்கவே இல்லை. மேனேஜர் எடுத்துவிட்டார் என்று நிம்மதியாக வடாலாவில் இறங்கினேன். வழியில் அரை கிளாஸ் கட்டிங் சாய் வேறு.

ஆபீசில் எல்லாப் போன்களும் அலறிக்கொண்டிருந்தன. ரிப்போர்ட் வராததால் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனையே நிறுத்தி வைத்திருந்தார்கள். மேனேஜர் குல்கர்னி திரையைக் காட்டினார். பொறுப்பேற்றவர்: அம்மா.

“யே அம்மா கௌன் ஹை?” யார் இந்த அம்மா என்று கேட்டார்.

முதலில் சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். அது எழுந்திருக்கும்வரை எனக்கு உயிரில்லை. ரிப்போர்ட்டுகள் போகத் தொடங்கியதும், அம்மாவை ஸ்பீக்கரில் கூப்பிடச் சொன்னார் மேனேஜர்.

“ஆமாலே, ஒரு பொம்பள இங்கிலீசுல பேசுனா. ஒண்ண அமுக்கச் சொன்னா, அமுக்கிட்டேன். பேங்க்காரியும் அப்படித்தான சொல்லுவா? ஏன், இன்னும் வேலை முடியலியா?”

இதை நான் இந்தியில் மொழிபெயர்த்தேன். மேனேஜர் சிரிக்கவில்லை. நிரந்தரமாவது தள்ளிப்போனது.

ஆண்டுகள் ஓடிவிட்டன. போன வாரம் தங்கை கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கும் பேச்சு வந்தது. “நான் பார்த்துக்கிடுதேன்” என்றேன்.

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“இவன் ஒண்ண அமுக்கிட்டான். நீங்க போயி மண்டபத்தப் பாருங்க.”